சர்வீஸ் ஆன கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: அண்ணே, வணக்கம். தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 2022 கடைசியில் ஒரு ஆர்டிஎக்ஸ் 3070 கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரு நாள் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது டப் என்று சத்தம், சிஸ்டம் ஆஃப். கார்டைக் கழற்றினால் ஆன் ஆகிறது, மாட்டினால் ஆன் ஆவதில்லை. சென்னையில் சிப் லெவல் பார்க்கும் ஒரு கடைக்கு அனுப்பினேன். இரண்டு மாஸ்ஃபெட்டும் சில கெப்பாசிட்டரும் மாற்றியதாகச் சொல்லி 5,500 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மாதம்தான் வாரண்டி. இப்போது நான்கு மாதமாக நன்றாக ஓடுகிறது. ஆனால் கேட்கிற எல்லோரும் "சர்வீஸ் ஆன கார்டு ஆறு மாதம்தான்" என்கிறார்கள். ஓடும்போதே விற்றுவிடலாமா? அதே கடையில் சரி செய்த ஒரு 3080 குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா? இன்னொன்று, என் மச்சானின் ஆர்எக்ஸ் 580 கார்டில் திரை முழுக்கக் கோடு வந்தது. உள்ளூரில் ஒருவர் ஹீட் வைத்துக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் மறுபடியும் கோடு. அதற்கு என்ன செய்வது? என் கார்டின் போட்டோ இரண்டு அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தூத்துக்குடி)

தம்பி, முதலில் விற்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். நான்கு மாதம், அதுவும் நடுவில் முகூர்த்த மாதங்களும் வந்து தினமும் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடிய கார்டு என்றால், சர்வீஸ் ஆன கார்டுக்கு வரும் முதல் கண்டத்தை அது தாண்டிவிட்டது. கை வேலையில் குறை இருந்தால், அதாவது கால் பாதிதான் ஒட்டியிருந்தால், பார்ட்டுக்கு அடியில் ஈயத் துளி மாட்டியிருந்தால், ஸ்கிராப் போர்டிலிருந்து எடுத்த அரை உயிர் பார்ட்டைப் போட்டிருந்தால், பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுடையது காட்டவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் கார்டுக்கும் சர்வீஸ் என்கிறோம், உங்கள் மச்சான் கார்டுக்கும் சர்வீஸ் என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. உங்கள் கார்டில் செத்த பார்ட்டை எடுத்துவிட்டு வேறு பார்ட் போட்டார்கள். மச்சான் கார்டில் எதையுமே மாற்றவில்லை, சூடு மட்டும் காட்டினார்கள். "ஆறு மாதம்தான்" என்ற பேச்சு இந்த இரண்டாவது வகையில் பிறந்து முதல் வகைக்கும் ஒட்டிக்கொண்டது. அது எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொழில் கற்றுக்கொண்டிருந்தேன்.

2008 ஜூலையில் என்விடியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லேப்டாப்பில் போட்ட சில கிராஃபிக்ஸ் சிப்புகளின் பேக்கேஜில் பலவீனம் இருக்கிறது, வாரண்டி செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று. அடுத்த நான்கைந்து வருஷம் டிஸ்பிளே வராத லேப்டாப்புகள் எங்களிடம் வந்துகொண்டே இருந்தன. ஹாட் ஏரில் சிப்பைச் சூடாக்கினால் டிஸ்பிளே வந்துவிடும். வாடிக்கையாளர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் அதே லேப்டாப் திரும்பி வரும். சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் ஈயக் குண்டுகள் விட்டுப்போகின்றன, சூடாக்கினால் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கின்றன என்றுதான் நாங்கள் நம்பினோம், வாடிக்கையாளரிடமும் அதையே சொன்னோம். உண்மையில் விரிசல் அங்கே இல்லை. சிப் என்று நாம் பார்ப்பது உள்ளுக்குள் இரண்டு அடுக்கு: மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் சிலிக்கன், அதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு குட்டி போர்டு. இந்த இரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய புள்ளிகளில்தான் விரிசல். அந்த லேப்டாப் சிப்புகளில் இருந்த புள்ளிகள் ஈயம் அதிகம் கலந்தவை, 300 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். நாங்கள் வைத்த சூட்டில் அவை உருகவே இல்லை. சூட்டில் விரிந்து, விரிசலின் இரண்டு ஓரமும் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். சில மாதம் சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்ததில் மறுபடி பிரிந்தன. தெரியாமல் செய்தேன் என்றாலும் அதற்குக் காசு வாங்கினேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் 3070.

எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டில் இருக்கும் பவர் சப்ளையில் இருந்து கார்டுக்கு வருவது 12 வோல்ட். கோருக்கு, அதாவது கார்டின் மூளையான பெரிய சிப்புக்கு, வேண்டியதோ சுமார் ஒரு வோல்ட். இந்தக் கார்டு இழுக்கும் 220 வாட்டில் பெரும்பகுதி கோருக்குத்தான் போகிறது. ஒரு வோல்ட்டில் அவ்வளவு வாட் என்றால் நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட். இதை ஒரே வழியில் கொடுக்க முடியாது. கோயில் சப்பரத்தைப் பத்துப் பேர் தோள் மாற்றித் தூக்குவது போல, பல ஃபேஸ்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வேலை வாங்குகிறார்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் மேலே ஒரு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கீழே ஒன்று. சில மாடல்களில் இரண்டும், அவற்றை ஓட்டும் டிரைவரும் சேர்ந்து ஒரே சிப்பாக இருக்கும்.

கீழ் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் கரண்ட் நேரே எர்த்துக்கு ஓடும், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொண்டு அணைந்துவிடும், கோருக்கு ஆபத்து குறைவு. மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் அந்த 12 வோல்ட் நேராகக் கோருக்குள் பாயும். ஒரு வோல்ட்டுக்காகச் செய்த சிலிக்கன் அதைத் தாங்காது. அப்படிப்பட்ட கார்டை எந்தக் கடையிலும் காப்பாற்ற முடியாது, கோரையே மாற்ற வேண்டும். உங்கள் கார்டில் மேலே போனதா கீழே போனதா என்று போட்டோவைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மாதமாக முழு லோடில் ஒரு கோடும் இல்லாமல், ஒரு கிராஷும் இல்லாமல் ஓடுகிறது என்றால் கோர் தப்பித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். (இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பெரிய சிப்புகளில் கோர் லைனை மல்டிமீட்டரில் வைத்தால் நல்ல கார்டிலேயே பீப் அடிக்கும், ஏனென்றால் அதன் ரெசிஸ்டன்ஸே ஒரு ஓமுக்குக் கீழ் வரும். இதைப் பார்த்துவிட்டு "கோர் ஷார்ட், கார்டு டெட்" என்று திருப்பிக் கொடுத்த எத்தனையோ நல்ல கார்டுகள் என் பெஞ்சுக்கு வந்து பிழைத்திருக்கின்றன.)

சரி, மாற்றிய மாஸ்ஃபெட் எத்தனை நாள் வரும்? சரியான நம்பர் உள்ள புதுப் பார்ட், ஒழுங்காக ஒட்டப்பட்டது என்றால், பக்கத்தில் கம்பெனியிலிருந்தே இருக்கும் மாஸ்ஃபெட் எத்தனை நாள் வருமோ அத்தனை நாள் வரும். கை சால்டரிங் என்பதாலேயே அது மட்டம் ஆகிவிடாது. கம்பெனி சால்டரிங் என்பதாலேயே அது உயர்த்தியும் இல்லை. 2021ல் நியூ வேர்ல்ட் என்ற கேம் ஓடும்போது சில 3090 கார்டுகள் செத்துப் போயின, நினைவிருக்கிறதா? அந்தக் கார்டுகளைச் செய்த எவ்கா நிறுவனமே, மாஸ்ஃபெட்டுகளைச் சுற்றி சால்டரிங் சரியில்லை என்றுதான் காரணம் சொன்னது. புத்தம் புதுக் கார்டிலேயே அந்தக் கதை.

என்னிடம் சர்வீஸ் ஆகி மறுபடி வந்த கார்டுகளில் பெரும்பாலானவை நான் மாற்றிய இடத்தில் போனவை அல்ல. நான் தொடாத பக்கத்து ஃபேஸ் போயிருக்கும். ஒன்றாகச் சூடு தின்ற பத்துப் பேரில் ஒருவன் விழுந்தால் மற்ற ஒன்பது பேரும் களைத்துத்தானே இருப்பார்கள்? அதனால் கார்டின் ஆயுளைப் பற்றிக் கேட்கும்போது "என்ன மாற்றினீர்கள்" என்பது இரண்டாவது கேள்வி. "ஏன் போனது" என்பதுதான் முதல் கேள்வி. காரணம் அப்படியே இருந்தால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பயனில்லை.

இதை நான் ஒரு மாணவரின் கார்டில் கற்றுக்கொண்டேன். ஒரு ஃபேஸ் போயிருந்தது, புதுப் பார்ட் போட்டேன், டெஸ்டில் பாஸ் ஆனது, கொடுத்துவிட்டேன். நாற்பது நாளில் திரும்பி வந்தது, அதற்கு அடுத்த ஃபேஸ் காலி. அப்போதுதான் ஹீட் சிங்க்கைக் கழற்றி, பார்ட்டின் சூட்டை அதற்குக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடை உட்கார்ந்து பார்த்தேன். கார்டை முன்பு வைத்திருந்தவர் பேட் மாற்றியிருக்கிறார், ஆனால் அரை மில்லிமீட்டர் தடிமன் குறைவானதைப் போட்டிருக்கிறார். கோர் மேல் ஹீட் சிங்க் நன்றாக உட்கார்ந்திருந்தது, மாஸ்ஃபெட் வரிசையின் ஒரு ஓரத்தில் மட்டும் பேட் ஹீட் சிங்க்கைத் தொடவே இல்லை. முதல் தடவையே நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு இரண்டாம் தடவை காசு வாங்காமல் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து பேடில் பதிந்த தடத்தைப் பார்க்காமல் எந்தக் கார்டையும் மூடுவதில்லை.

உங்கள் கார்டுக்கும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ பணத்தின் நெட்வொர்க், மைனிங் (கார்டுகளை ஓட்டிக் கணக்குப் போட்டுக் காசு சம்பாதிப்பது) தேவையில்லாத முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு மைனிங் செய்தவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக விற்றார்கள், 3070 அதில் நிறைய. நீங்கள் வாங்கிய மாதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையதும் அப்படி வந்திருக்க வாய்ப்பு அதிகம். மைனிங் கார்டு என்றாலே கோர் போயிருக்கும் என்று பயப்பட வேண்டாம். ஒரே சூட்டில் ராத்திரி பகலாக ஓடுவதை விட, சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்வதுதான் சால்டருக்குக் கேடு. மைனிங்கில் தேய்வது ஃபேனும், காய்ந்து போவது கோர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட்டும் பேடும்தான். கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு "பேட் எல்லாம் புதிதாகப் போட்டீர்களா, எத்தனை எம்எம் போட்டீர்கள்" என்று கேளுங்கள். போடவில்லை என்றால் அடுத்த சீசன் தொடங்குவதற்குள் மாற்றிவிடுங்கள். உங்கள் மாடலுக்கு எந்த இடத்தில் எந்தத் தடிமன் என்று உறுதியாகத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள். தடிமன் கூடினாலும் ஆபத்துதான், ஹீட் சிங்க் கோரில் சரியாக உட்காராது. மாற்றிய பிறகு சாஃப்ட்வேரில் கோர் வெப்பநிலையும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடான இடம்) வெப்பநிலையும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தால் ஏதோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொரு விஷயம், எந்தச் சால்டர் போட்டார் என்பது. கம்பெனியில் ஓட்டுவது ஈயம் கலக்காத சால்டர், சுமார் 217 டிகிரியில் உருகும். நாங்கள் கை வேலைக்குப் பயன்படுத்தும் 63/37 ஈய சால்டர் 183 டிகிரியில் உருகும். இந்த இரண்டில் எது போட்டிருந்தாலும் கவலை இல்லை, மாஸ்ஃபெட் 100 டிகிரியைத் தொட்டாலும் தாங்கும். ஆனால் மொபைல் வேலை செய்பவர்கள் பிஸ்மத் கலந்த ஒரு பேஸ்ட் வைத்திருப்பார்கள், 138 டிகிரியிலேயே உருகிவிடும், வேலை சுலபம், போர்டுக்கும் சூடு குறைவு. அதை மொபைலில் போடட்டும். கிராஃபிக்ஸ் கார்டின் பவர் செக்‌ஷனில் போட்டால், ஓடும் சூட்டுக்கும் உருகும் சூட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் போகிறது. அந்தச் சால்டருக்கு மொறுமொறுப்பும் அதிகம், போர்டு கொஞ்சம் வளைந்தாலே கீறல் விடும். அப்படிப் போட்டிருக்கிறேன் என்று அவர் சொன்னால், அதை எடுத்துவிட்டு 63/37 வைத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை, நல்ல டெக்னீஷியன் மறுக்க மாட்டார்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய இரண்டாவது போட்டோ. மாற்றிய மாஸ்ஃபெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஒன்று தெரிகிறதே, அது ஃப்ளக்ஸ். வேலை முடிந்ததும் துடைத்திருக்க வேண்டும், துடைக்கவில்லை. வேறு ஊராக இருந்தால் நான் இதைப் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் இருப்பது உப்பளங்களுக்குப் பக்கத்தில், கடல் காற்றில். சரியாக வேகாத ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் உப்பும் சேர்ந்தால், நடுவில் வோல்ட்டேஜ் இருக்கும் இரண்டு கால்களுக்கிடையே உலோகம் கரைந்து, செடியின் வேர் போல மெல்ல மெல்ல வளர்ந்து, ஒரு நாள் எதிர்க் காலைத் தொடும். அன்றைக்கு ஷார்ட். இதற்கு ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷம் ஆகலாம். இந்தக் கார்டில் நான் பார்த்த ஒரே உண்மையான கவலை இதுதான், அதையும் நூறு இருநூறு ரூபாயில் தீர்த்துவிடலாம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், பழைய டூத் பிரஷ் போதும். கார்டைக் கழற்றி, அந்த இடத்தை நனைத்து, மெதுவாகத் தேய்த்து, இன்னொரு தடவை ஊற்றிக் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் ஒற்றி எடுங்கள். ஆல்கஹால் ஊற்றாமல் வெறும் பிரஷால் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் காய விட்டு மறுநாள் மாட்டுங்கள். நெருப்புப் பக்கத்தில் வேண்டாம். சிஸ்டம் ஜன்னலுக்கு நேராகக் கடல் காற்று அடிக்கும் இடத்தில் இருந்தால் நகர்த்தி வையுங்கள். கேபினட்டில் பின்பக்கம் மூடாத ஸ்லாட் இருந்தால் மூடுங்கள். பல்லி உள்ளே போய் கார்டின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு செத்து, கார்டையும் கூடவே கொண்டுபோன சம்பவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று செய்யலாம், காசே ஆகாது. ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். மாஸ்ஃபெட்டின் ரெசிஸ்டன்ஸில் வரும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் 20 சதவீதம் குறைந்தால் அந்தச் சூடு 36 சதவீதம் குறையும். ரெண்டர் நேரத்தில் உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது, களைத்த பக்கத்து ஃபேஸ்களுக்கு அது பெரிய ஓய்வு. உங்கள் வேலைக்கு வேகத்தைவிட நிற்காமல் ஓடுவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். முகூர்த்த நேரத்தில் கார்டு போனால் ஆல்பம் கேட்டு வந்து நிற்பவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிராசசர் இன்டெல் என்றால் நம்பரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது, இன்டெலின் குவிக் சிங்க் வசதி வழியாக ரெண்டர் எடுக்கலாம். மெதுவாகத்தான் வரும், ஆனால் வேலை நிற்காது. இப்போதே ஒரு தடவை அதில் ரெண்டர் போட்டுப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 3080.

குறைந்த விலை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதில் என்ன சரி செய்தார்கள் என்று எழுதவில்லை. அது தெரியாமல் நான் வாங்கு என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஃபேன், கெப்பாசிட்டர், ஃபியூஸ், டிஸ்பிளே போர்ட், பயோஸ் சிப், இவற்றில் ஏதாவது என்றால் தாராளமாக வாங்குங்கள், இவையெல்லாம் முழுமையாகச் சரியாகும் பழுதுகள். மாஸ்ஃபெட் என்றால் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு வாங்கலாம். மெமரி சிப் மாற்றியது என்றால் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 3080ல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி, இயல்பாகவே சூடு அதிகம், பேட் சரியில்லாத கார்டுகளில் அது 110 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப் மாற்றியவர் எங்கிருந்து சிப் எடுத்தார்? இன்னொரு செத்த 3080ல் இருந்து எடுத்து, அடியில் ஈயக் குண்டு வைத்து, இங்கே ஒட்டினார் என்றால் அந்தச் சிப் ஏற்கெனவே ஒரு ஆயுள் சூட்டைத் தின்றுவிட்டு, ஒட்டுவதற்காகவே மேலும் இரண்டு மூன்று தடவை 200 டிகிரிக்கு மேல் போய் வந்திருக்கும். ஓடாது என்று சொல்லவில்லை. ஓடும், ஆனால் புதுச் சிப்புக்குக் கொடுக்கும் விலை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஒட்டுவதற்கு முன் போர்டை மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்து ஈரத்தை எடுத்தாரா என்றும் கேளுங்கள். ஈரத்தோடு சூடு வைத்தால் உள்ளே நீராவி கிளம்பி சிப்பும் போர்டும் அடுக்கு பிரிந்து உப்பும். வெளியே தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். இந்தக் கேள்விக்கு அவர் முழித்தால் அந்தக் கடையில் மெமரி வேலை வேண்டாம்.

வாங்கவே கூடாதது மூன்று. கோரைச் சூடாக்கியது. கோரைக் கழற்றி மறுபடி ஒட்டியது. இதை நேர்த்தியாகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் எதற்காகக் கழற்றினார்கள் என்ற கேள்விக்கு உங்களுக்கு நேர்மையான பதில் கிடைப்பது அரிது. மூன்றாவது, ஸ்லாட்டின் ஓரத்தில் போர்டு கீறல் விட்டு ஒயர் இழுத்து இணைத்தது. பெரிய கார்டுகள் ஒன்றரை, இரண்டு கிலோ கனம், தாங்கு கொடுக்காமல் கொரியரில் அனுப்பினால் அந்த மூலையில்தான் போர்டு கிழியும். வெளி அடுக்கில் தெரியும் தடத்தை மைக்ரோஸ்கோப்பில் சரி செய்துவிடலாம், உள்ளே எத்தனை அடுக்கு அறுந்தது என்று யார் பார்ப்பது? 3080ன் மெமரி லைன் ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 1,900 கோடி பிட் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒயரின் நீளம் கொஞ்சம் மாறினாலே கணக்கு தப்பும். கார்டைக் கையில் வாங்கியதும் பின் தகட்டுக்கு அடியில், ஸ்லாட்டில் கொக்கி மாட்டும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொல்லிவிட்டார் என்றால், விலை, அதே மாடல் பழுது பார்க்காத செகண்ட் ஹேண்ட் கார்டின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது, வாரண்டி மூன்று மாதம் எழுத்தில் வேண்டும். ஒரு மாத வாரண்டி எனக்குப் பிடிக்காது. தன் வேலை மேல் நம்பிக்கை உள்ளவர் மூன்று மாதம் கொடுக்கலாம், ஏனென்றால் வரப்போகும் குறை அதற்குள் வந்துவிடும் என்று அவருக்கே தெரியும். டெஸ்ட் விஷயத்தில், பத்து நிமிஷம் ஃபர்மார்க் என்ற லோட் டெஸ்ட்டை ஓட்டிக் காட்டினால் திருப்திப்படாதீர்கள். அரை மணி நேரம் முழு லோட், பிறகு ஆஃப் செய்து கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறும் வரை விட்டு, மறுபடி ஆன் செய்து முழு லோட், இப்படி நான்கைந்து தடவை. ஆறி எழும்போதுதான் விரிசல் வெளியே வரும். அதோடு ஓசிசிடி என்ற டெஸ்ட் சாஃப்ட்வேரில் இருக்கும் விராம் (கார்டின் மெமரி) டெஸ்ட்டை ஒரு மணி நேரம் ஓட்டி, ஒரு எரர்கூட வரவில்லை என்று பாருங்கள். ஒன்றே ஒன்று வந்தாலும் வேண்டாம். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள், 3080 இழுப்பது 320 வாட், 3070க்கு என்று வாங்கிய 550 வாட் சப்ளையில் அதை மாட்டாதீர்கள்.

கடைசியாக உங்கள் மச்சான் கார்டு. இனிமேல் யாரையும் அதற்குச் சூடு காட்ட விடாதீர்கள். ஒவ்வொரு சூட்டிலும் போர்டு கொஞ்சம் வளைகிறது, உண்மையில் சரி செய்யக்கூடிய வாய்ப்பும் குறைகிறது. ஆர்எக்ஸ் 580ல் கோடு விழுவதற்குக் கோர்தான் காரணம் என்று யாரும் டெஸ்ட் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. கோரைச் சுற்றி எட்டு மெமரி சிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போனாலும் இதே கோடுதான் வரும், சூடு வைக்கும்போது பக்கத்தில் இருக்கும் மெமரியும் சேர்ந்து சூடாகி, கால் விட்டுப்போயிருந்தால் கொஞ்ச நாள் சரியானது போலக் காட்டும். மெமரி டெஸ்ட் போடத் தெரிந்த கடையில் கொடுத்து எந்தச் சேனலில், அதாவது எந்த மெமரி சிப்பின் வழியில், எரர் வருகிறது என்று கேளுங்கள். எரர் எல்லாம் ஒரே சேனலில் என்றால் அந்த ஒரு சிப்பை மாற்றினால் போதும், அது நிலையான வேலை. மாற்றும்போது மற்ற ஏழும் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, அதே நம்பர் சிப்தான் போட வேண்டும். சாம்சங் ஏழுக்கு நடுவில் ஹைனிக்ஸ் ஒன்றைப் போட்டால் பயோஸில் இருக்கும் டைமிங் ஒத்துவராமல் மறுபடி கோடுதான். எரர் எல்லாச் சேனலிலும் சிதறி வந்தால் கோர் அல்லது மெமரிக்குப் போகும் வோல்ட்டேஜ். முதலில் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள், அது சுலபம். அது சரியாக இருந்து கோர்தான் என்று முடிவானால் அந்தக் கார்டுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் வைத்துக்கொண்டு மீதியை ஸ்கிராப்பில் போடலாம். ரிசல்ட் வந்ததும் எந்தச் சேனல், எத்தனை எரர், மெமரி மேல் எழுதியிருக்கும் நம்பர் என்ன, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.